வெண்கட்டி பதில்கள்: நான்கு பெயர்ப்பலகை பார்த்த கல்லூரி

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தஞ்சோங் மாலிமில் இருக்கும் ஆசிரியர் பல்கலைக்கழகத்தைப் பற்றியே. இடம் கிடைத்த பிள்ளைகள் பெட்டி கட்டும் பருவம், வேறென்ன எழுதுவார்கள்? முருங்கை மரம் பூத்தும் காய்க்கவில்லை என்று கேட்ட பந்திங் வாசகர் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

டீச்சர், என் மகளுக்குத் தஞ்சோங் மாலிமில் இடம் கிடைத்திருக்கிறது. கடிதத்தில் பல்கலைக்கழகம் என்று போட்டிருக்கிறது. என் மாமனாரோ, "அது வாத்தியார் காலேஜ்தானே, எப்போது பல்கலைக்கழகம் ஆனது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகி, சுங்கை சிப்புட்

இரண்டும் சரிதான். ஆனால் முதலில் மாமனாரிடம் போய் "நீங்கள் சொன்னதுதான் சரி" என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் அமைதி முக்கியம்.

1922 நவம்பர் 29-ஆம் தேதி அது திறக்கப்பட்டபோது பெயர் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி. 1887 முதல் 1916 வரை பேராக்கை ஆண்ட சுல்தான் இட்ரிஸ் முர்ஷிதுல் அஸாம் ஷாவின் பெயரைத்தான் வைத்தார்கள். அதற்கு முன்பே மலாய்ப் பள்ளி ஆசிரியர்களுக்காக இரண்டு சின்னக் கல்லூரிகள் இருந்தன. ஒன்று மலாக்காவில், 1900-இல் தொடங்கியது. மற்றது மாத்தாங்கில், 1913-இல் தொடங்கியது. இரண்டையும் ஒன்றாக்கிப் பெரிதாகக் கட்டியதுதான் தஞ்சோங் மாலிம். பெர்னாம் ஆற்றைத் தாண்டினால் சிலாங்கூர், இந்தப் பக்கம் பேராக். எல்லையில் உட்கார்ந்திருக்கும் ஊர்.

1957-இல் அது மக்தாப் பெர்குருவான் சுல்தான் இட்ரிஸ் ஆனது. மக்தாப் என்றால் கல்லூரி. 1987-இல் மக்தாப் போய் இன்ஸ்டிடியூட் வந்தது. 1997 மே 1-ஆம் தேதி யுனிவர்சிட்டி பெண்டிடிக்கான் சுல்தான் இட்ரிஸ், அதாவது நாம் வாய்க்கு எளிதாக உப்சி என்கிறோமே, அது பிறந்தது. உழைப்பாளர் தினத்தில் வாத்தியார்களுக்கு ஒரு பல்கலைக்கழகம், பொருத்தமாகத்தான் நாள் பார்த்திருக்கிறார்கள் என்று அப்போது எங்கள் ஆசிரியர் அறையில் கேலி பேசினோம்.

ஆக, மாமனார் சொல்வது கல்லூரியின் 75 வருடக் கதை. மகளுக்கு வந்த கடிதம் அதற்குப் பிறகான கதை. இன்னொன்றும் உண்டு. எழுபதுகளின் நடுப்பகுதி வரை அந்தக் கல்லூரியில் ஆண்களை மட்டுமே சேர்த்தார்கள். மலாய்ப் பெண்கள் ஆசிரியையாக வேண்டுமென்றால் 1935-இல் மலாக்காவின் டுரியான் டாவுனில் தொடங்கிய தனிக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். மாமனார் மனத்தில் இருக்கும் அந்தக் கல்லூரியில் உங்கள் மகள் காலெடுத்து வைத்திருக்கவே முடியாது. இதையும் அவரிடம் சொல்லுங்கள். அவர் சாப்பிட்டு முடித்த பிறகு.

பெயர்ப்பலகையை மாற்றினால் பல்கலைக்கழகம் ஆகிவிடுமா? எங்கள் ஊர் மளிகைக்கடைகூட இப்போது 'ஹைப்பர்மார்க்கெட்' என்று போர்டு மாட்டியிருக்கிறது.
— வாசகர், பாரிட் புந்தார்

அங்கே இன்னும் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு கடனுக்குச் சாமான் தருகிறார்களா? அப்படியானால் அது மளிகைக்கடைதான், போர்டில் என்ன இருந்தாலும்.

உங்கள் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. தஞ்சோங் மாலிமைப் பொறுத்தவரை என் கணக்கு கொஞ்சம் வேறு. 1997-ஐ விட 1924-தான் எனக்குப் பெரிய வருடம்.

அந்தக் கல்லூரியை எதற்காகக் கட்டினார்கள் என்று முதலில் பார்ப்போம். மலாய்ப் பள்ளிகளை எப்படி நடத்த வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுத்தவர் வின்ஸ்டெட் என்ற ஆங்கிலேய அதிகாரி. ஜாவாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கைத்தொழிலும் தோட்ட வேலையும் அதிகம் வேண்டும் என்று எழுதினார். 1920-இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் என்ற இன்னொரு அதிகாரி அரசாங்கத்தின் நோக்கத்தை இன்னும் உடைத்தே எழுதிவிட்டார். மீனவர் மகனையும் விவசாயி மகனையும் அவர்களுடைய அப்பாவை விடக் கொஞ்சம் விவரமான மீனவனாக, விவசாயியாக ஆக்கினால் போதும் என்பதுதான் அதன் சாரம். அதே மேக்ஸ்வெல்தான் இரண்டு வருடம் கழித்துக் கல்லூரியைத் திறந்துவைத்தார். எனவே மூன்று வருடப் படிப்பில் கூடை முடைவதும் தோட்டம் போடுவதும் இருந்ததில் ஆச்சரியமில்லை.

முதல் முதல்வர் டுஸ்ஸெக். 1922 முதல் 1936 வரை 14 வருடம் அவர்தான். அவருடைய காலத்தில், 1924-இல், அரசாங்கத்தின் மலாய் மொழிபெயர்ப்பு அலுவலகம் தஞ்சோங் மாலிமுக்கு வந்து சேர்ந்தது. மலாயில் அதன் பெயர் 'காராங் மெங்காராங்' அலுவலகம், அதாவது எழுதுவதே தொழிலான ஓர் அலுவலகம். அதற்குப் பொறுப்பாக வந்தவர் ஸாபா. முழுப்பெயர் ஸைனல் அபிடின் அஹ்மாட். மலாய் இலக்கணத்தை இன்று பிள்ளைகள் படிக்கும் ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர். 1939 வரை அங்கேயே இருந்தார். மலாய்ப் பள்ளிகளுக்குப் புத்தகம் இல்லை, சரி, நாமே செய்வோம் என்று உட்கார்ந்தார்கள். பக்கத்து வகுப்பறையில் அப்துல் ஹாடி ஹசான் என்ற ஆசிரியர் வரலாறு நடத்தினார். ஆங்கிலேயர் எழுதிய வரலாற்றோடு நிற்காமல், மலாய் உலகத்தின் வரலாற்றை மலாய் மொழியிலேயே புத்தகமாக எழுதினார்.

இப்போது அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பையனை நினைத்துப் பாருங்கள். கம்போங்கிலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, வந்தவன். காலையில் பிரம்புக் கூடை முடைகிறான். மத்தியானம் தன் இனத்துக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது என்று தன் மொழியில் படிக்கிறான். சாயங்காலம் பக்கத்துக் கட்டடத்தில் புத்தகம் உருவாவதைப் பார்க்கிறான். அவன் விவரமான மீனவனாக மட்டும் ஊர் திரும்புவானா? 1938-இல் மலாய் இளைஞர் சங்கத்தை, கெசத்துவான் மெலாயு மூடாவை, தொடங்கிய இப்ராஹிம் யாக்கோப் அங்கே படித்தவர். அங்கே ஆசிரியராக இருந்த எழுத்தாளர் ஹருன் அமினுர்ரஷிட்டை 1939-இல் புருணைக்கு மாற்றினார்கள். எழுத்து சூடாகிவிட்டது, வேறென்ன.

வந்த புத்தகத்தை வாங்கி நடத்துகிற வரைக்கும் அது பயிற்சிக் கல்லூரி. இல்லாத புத்தகத்தை எழுத ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டால் பல்கலைக்கழகத்தின் வேலை அங்கே ஆரம்பித்துவிட்டது. பட்டம் கொடுக்கும் அதிகாரம் வர இன்னும் 73 வருடம் ஆனது, அவ்வளவுதான்.

அதற்காகச் சட்டத்தால் ஒன்றுமே மாறவில்லை என்றும் சொல்லமாட்டேன். கல்லூரியாக இருந்தவரை சான்றிதழ் கொடுப்பது கல்வி அமைச்சு. பல்கலைக்கழகம் ஆன பிறகு பட்டம் அவர்களுடையது, முதுகலை, முனைவர் பட்டம் வரைக்கும் அங்கேயே படிக்கலாம். பழைய வளாகத்தில் இடம் போதாமல் புரோட்டோன் சிட்டி பக்கம் சுல்தான் அஸ்லான் ஷா வளாகம் என்று புதிதாகவும் கட்டிவிட்டார்கள். வேந்தராக இருந்த துவாங்கு பைனுன் பேராக் அரசியார். தாமே பயிற்சி பெற்ற ஆசிரியை. இதை எத்தனை பல்கலைக்கழகங்கள் சொல்லிக்கொள்ள முடியும்?

அமெரிக்காவில் யூ.சி.எல்.ஏ.வில் படிக்கும் என் பேரன், "பாட்டி, இதுவும் ஒரு காலத்தில் வாத்தியார் பள்ளிக்கூடம்தான்" என்கிறான். கதை விடுகிறானா?
— வாசகி, கிள்ளான்

பேரனைச் சந்தேகப்படாதீர்கள். 1882-இல் லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியா அரசு 'நார்மல் ஸ்கூல்' என்று ஒன்றைத் திறந்தது. 1919-இல் அது கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தெற்குக் கிளை ஆனது. 1927-இல் லாஸ் ஏஞ்சலஸ் பெயரோடு சேர்த்து இன்றைய பெயர் வந்தது. இரண்டு வருடத்தில் வெஸ்ட்வுட்டுக்குக் குடிபோனார்கள். பழைய பள்ளி முதலில் இருந்த இடத்தில் இப்போது அந்த நகரத்தின் மத்திய நூலகம் நிற்கிறது. பேரனை ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

'நார்மல்' என்றதும் அப்நார்மல் ஸ்கூலும் இருந்ததா என்று நானும் சிரித்திருக்கிறேன். அது பிரெஞ்சிலிருந்து வந்த வழக்கு. இப்படித்தான் கற்பிக்க வேண்டும் என்று மாதிரி காட்டும் பள்ளி என்று பொருள். அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் பல்கலைக்கழகம் ஆன கையோடு அந்தச் சொல்லைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். சீனர்கள் எறியவில்லை. பெய்ஜிங் நார்மல் பல்கலைக்கழகம் இன்றும் அதே பெயரில்தான் இருக்கிறது. தஞ்சோங் மாலிம்காரர்களும் 'பெண்டிடிக்கான்' என்ற சொல்லை, கல்வி என்ற சொல்லை, பெயரிலேயே வைத்துக்கொண்டார்கள். எனக்கு அது பிடிக்கும். பெரிய ஆளான பிறகு, அம்மா பால்மரம் வெட்டிப் படிக்க வைத்ததைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் நம்மிடமும் உண்டே.

எங்கள் காலத்தில் இரண்டு வருடப் பயிற்சிதான். போய் நின்றால் வகுப்பு கப்சிப். இப்போது நான்கு வருடம் படித்துப் பட்டத்தோடு வருகிறார்கள், வெண்பலகையில் ஒரு வரி நேராக எழுதத் தெரியவில்லை. பல்கலைக்கழகம் ஆக்கிக் கெடுத்துவிட்டார்கள் என்பேன். நீங்கள்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தெலுக் இந்தான்

சார், நானும் இரண்டு வருடம்தான், எழுபதுகளின் கடைசி. என் கல்லூரியின் பெயர் வேண்டாம், அது இப்போது எப்படியோ. வரி நேராக எழுதுவேன். இன்றைக்கும் வீட்டில் மளிகைச் சாமான் பட்டியலைப் பார்த்தால் தெரியும். ஆனால் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள்.

கற்பித்தல் பயிற்சிக்கு என்னை ஒரு தோட்டப்பள்ளிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் வகுப்பு, பின்னம். முதல் நாள் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து மாஜோங் தாளில் ஒரு பெரிய தோசையை எட்டாக வெட்டி வண்ணம் தீட்டியிருந்தேன். விரிவுரையாளர் வந்து பின்வரிசையில், பிள்ளைகள் நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்துவிட்டார். நான் தாளைப் பலகையில் ஒட்டினேன். ஜன்னல் காற்று பிய்த்துக்கொண்டு போனது. மறுபடி ஒட்டினேன், மறுபடி விழுந்தது. கை நடுங்குகிறது. முன்வரிசையில் ஒரு பையன் தானாக எழுந்து வந்து, தாளின் இரண்டு மூலையையும் பிடித்துக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றுவிட்டான். எனக்கு உயிர் வந்தது. அரை மணி நேரம் பாடம் வெள்ளமாக ஓடியது. வகுப்பு, நீங்கள் சொன்ன மாதிரி, கப்சிப்.

விரிவுரையாளர் என் பாடக்குறிப்புப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போன வரி இது: "படம் நன்று. பிடித்திருந்தவன் அதைக் கடைசிவரை பார்க்கவில்லை."

தாள் வகுப்பைப் பார்த்து இருந்தது. அவன் தாளுக்குப் பின்னால் இருந்தான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளைத் தாளின் முதுகு. அரை மணி நேரமும் கண்ணெதிரே நின்றான், எனக்குத் தெரியவில்லை.

இது எந்தப் புத்தகத்திலும் வராது, வகுப்பில் நின்றால்தான் வரும் என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். பல்கலைக்கழகம் ஆகும்போது பறிபோகிற ஆபத்தில் இருப்பதும் இதுதான். கட்டுரை எழுதும் விரிவுரையாளருக்குப் பதவி உயர்வு உண்டு, குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்காருபவருக்கு என்ன உண்டு? அந்தக் கவலையில் நான் உங்கள் கட்சி.

ஆனால் என் அக்கா மகள் உப்சியில் படித்தவள். விடுமுறையில் என் வீட்டுக்கு வந்தபோது பயிற்சிக்குப் போன பள்ளியின் கட்டுரை நோட்டுகளைக் கட்டாகக் கொண்டு வந்திருந்தாள். திருத்தத்தான் போகிறாள் என்று நினைத்தேன். இல்லை. பிள்ளைகள் எந்தெந்தச் சொல்லில் ர, ற தடுமாறுகிறார்கள் என்று கட்டம் போட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "சித்தி, எல்லாச் சொல்லிலும் தடுமாறலை, சிலதுலதான். ஏன்?" என்றாள். 32 வருடம் நான் அந்த எழுத்தைச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன் சார். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. யாரும் எனக்குக் கேட்கச் சொல்லித் தரவும் இல்லை.

அவள் வெண்பலகையில் எழுதினால் வரி மேலே ஏறும், அதுவும் உண்மை.

மகன் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதியிருக்கிறான், ஆசிரியராக ஆசை. இப்போதே ஐ.பி.ஜி.க்கு (ஆசிரியர் பயிற்சிக் கழகம்) மனுப் போடவா, எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவம்) படிக்கவைத்து உப்சிக்கு அனுப்பவா?
— வாசகர், கூலிம்

எந்தப் பிள்ளைகளோடு இருக்க ஆசை என்று முதலில் மகனிடம் கேளுங்கள். ஏழு வயதுக் குழந்தைகளா, மீசை முளைக்கிற வயதா? நம் தமிழ்ப்பள்ளிகள் 500-க்கும் மேல், எல்லாம் ஆறாம் ஆண்டு வரைதான். தொடக்கப்பள்ளிக்கு ஆள் தயார் செய்வது ஐ.பி.ஜி.யின் முக்கிய வேலை. எஸ்.பி.எம். முடித்து நேராகப் போகலாம், அங்கேயும் இப்போது பட்டப்படிப்புதான். இடைநிலைப்பள்ளி என்றால் உப்சி பக்கம் பாருங்கள்.

குழம்பினால் இரண்டு நாள் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் மாலை வகுப்புக்கு உதவியாக அனுப்பிவையுங்கள். முதல் வகுப்புப் பிள்ளை ஒன்று அவன் சட்டையில் மூக்கைத் துடைத்தபிறகும் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினால் ஐ.பி.ஜி.

அந்தப் பழைய கல்லூரியில் தமிழர்கள் படித்திருக்கிறார்களா?
— வாசகர், செனாவாங்

அன்றைய கல்லூரி மலாய்ப் பள்ளி ஆசிரியர்களுக்காகவே கட்டியது. மலாய்ப் பள்ளியில் படித்து வந்த பையன்கள்தான் அங்கே. நம் தோட்டப்பள்ளி வாத்தியார்களுக்கு அந்த மாதிரி வளைவு வைத்த கட்டடம் எதுவும் கிடைக்கவில்லை. கங்காணி வீட்டுத் திண்ணையும், ஊரிலிருந்து எழுத்தறிந்து வந்த யாரோ ஒருவரும்தான் பல இடங்களில் ஆரம்பம்.

இப்போது உப்சியில் தமிழில் ஆசிரியர் பட்டப்படிப்பு உண்டு. அக்கா மகளின் பட்டமளிப்புக்குப் போயிருந்தேன். 'சுலூ புடிமான்' என்று ஒரு கட்டடம், 1922-இல் கட்டியது. சுலூ என்றால் தீப்பந்தம், புடிமான் என்றால் அறிவில் சிறந்தவர். இன்று தேசிய கல்வி அருங்காட்சியகம் அதில்தான் இருக்கிறது. அந்த வளைவுக்குக் கீழே நம் பெண்கள் புடவைக்கு மேல் அங்கியைப் போட்டுக்கொண்டு, மல்லிகைச் சரத்தின் மேல் தொப்பி நிற்காமல் ஊக்குக் குத்திக்கொண்டு நின்றார்கள். ஒரு அம்மா கட்டடத்தைப் பார்க்கவே இல்லை. மகளின் தொப்பிக் குஞ்சத்தையே நேராக்கிக்கொண்டிருந்தார்.

(சுங்கை சிப்புட் வாசகியின் கடிதத்தின் பின்பக்கத்தில் இன்னொன்று.) மகளை விடப் போகும்போது அங்கே என்ன சாப்பிடலாம்?

பாவ், உள்ளே கறியோ இனிப்போ வைத்து ஆவியில் வேகவைத்த சீன ரொட்டி. ஹைனான் சீனர்களின் பழைய கடை ஒன்று 1920-களிலிருந்து அங்கே இருக்கிறது. எல்லாரும் சாப்பிடலாம், கோழிக்கறி வைத்ததும் உண்டு. ஆவி பறக்கப் பிய்த்தால் விரல் வெந்துவிடும், கொஞ்சம் ஆறவிடுங்கள். மாமனாருக்கும் நான்கு கட்டிக்கொண்டு வாருங்கள்.